சிலுவையக்காவின் இடது கால்

கொஞ்ச தூரம் நடப்பாள், குனிந்து காலைப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். எண்ணூர் நெடுஞ்சாலையில், ஹார்பர் கேட் திறக்கும் நேரத்துக்காக வரிசைகட்டி நிற்கிற கன்டெய்னர் டிரெய்லர்களின் ஓரமாக, ஒரு கையில் டீ கேனும் மறு கையில் பேப்பர் கப் அடுக்குமாகப் போகிற சிலுவையம்மாளைப் புதிதாகப் பார்க்கிறவர்கள், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அதுவும் பொய்யில்லை. செருப்பு காலில் இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

செருப்பு கழன்றால் காலுக்குத் தெரிய வேண்டும். சிலுவையம்மாளின் காலுக்கு, அதிலும் இடது காலுக்கு, அது தெரிவதில்லை. ஒற்றைச் செருப்போடு ராயபுரத்து வீடு வரைக்கும் வந்து, வாசலில் மகள் ஜானட் "இன்னொண்ணு எங்கம்மா?" என்று கேட்ட பிறகு முழித்திருக்கிறாள். வரிசையில் அந்த நீல ரப்பர் செருப்பைத் தெரியாத டிரைவர் கிடையாது. கண்டெடுத்தவர் கேபின் கண்ணாடியில் மாட்டிவைத்து, அடுத்த டீக்கு ஒப்படைப்பார். "யக்கா, ஒனுக்கு முன்னாடி ஒஞ்செருப்பு ஹார்பருக்குள்ள பூந்துகிச்சு" என்று கேலி வேறு.

ஆரம்பத்தில் அவள் இதைப் பெருமையாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். மே மாதத்துத் தார்ச்சாலையில் டிரைவர்கள் வெறுங்காலோடு இறங்கித் துள்ளும்போது, இவள் பாய் விரித்த தரையில் நடக்கிற மாதிரி நடப்பாள். "எனக்கு சூடே ஏறாது நைனா. மாதா குட்த்த காலு இது" என்பாள். அந்தக் கால்தான் ஒருநாள் செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு காலை முழுக்க டீ விற்றுவிட்டு வீடு திரும்பியது. தரையில் சிவப்புத் தடத்தைப் பார்த்து அலறியது ஜானட். "யாருக்குடி அடிபட்டுச்சு?" என்று கேட்டது சிலுவையம்மாள். அந்தப் புண் ஆற ஒரு மழைக்காலமே பிடித்தது.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு ஒன்று பிடிபடவில்லை. பல வருஷத்துச் சுகர்தான், ஆனால் மாத்திரை தவறாமல் போட்டு, சுகர் அளவும் அடக்கமாக இருக்கிறது. பிறகு ஏன் கால் மேலும் மேலும் மரத்துக்கொண்டே போகிறது? அவளைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பல் உள்ள இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, 'ங்ங்' என்று பாடவிட்டு, கால் கட்டைவிரலில் வைத்தார்.

"அதிர்றது தெரியுதாம்மா?"

"தெரியுது."

டாக்டர் மறுபடியும் தட்டினார். இந்தத் தடவை சத்தம் வந்ததுமே விரலால் பிடித்து அதிர்வை நிறுத்திவிட்டு, செத்த இரும்பை வைத்தார்.

"ஜோரா தெரியுது டாக்டரம்மா!"

ஜானட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. காது கேட்டதைக் கால் சொன்னதாகச் சாதித்த சிலுவையம்மாளும் சிரிக்கவில்லை. அவள் பயம் அவளுக்கு. முன்பெல்லாம் வரிசை நகரப்போகிறது என்பதை ஹாரனுக்கு முன்பே உள்ளங்கால் சொல்லிவிடும். ரோடு லேசாக உறுமும், இவள் ஓரம் கட்டிவிடுவாள். இப்போது கால் வாயைத் திறப்பதில்லை. போன வருஷம் ஒரு சக்கரம் அவளை விட்டுவிட்டு டீ கேனை மட்டும் தட்டையாக்கிவிட்டுப் போனது. அன்றைக்கே ஜானட் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "கால் சரியாவலன்னா, லைனு பக்கம் போவாத. வூட்ல குந்து." வீட்டில் குந்துவதை நினைத்தாலே சிலுவையம்மாளுக்கு மூச்சு முட்டும்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பி-12 சத்து அடிமட்டத்தில் கிடந்தது. இத்தனை வருஷம் சுகரை அடக்கிய மாத்திரையே அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாமல் குறைத்திருக்கலாம் என்றார் டாக்டர். இந்தச் சேதி சிலுவையம்மாளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வரிசை முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். "காவலுக்கு வெச்சவனே பீரோவ தொறந்து வாரிகினு பூட்டாம்பா!" ஆனால் காவல்காரனை அனுப்பிவிடக் கூடாது, மாத்திரையும் வேண்டும், கூடவே ஊசியும் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுகர் கெடுத்த நரம்பு எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது; சத்தில்லாமல் வாடியது ஓரளவு திரும்பலாம்.

ஊசி போட்ட சில வாரத்தில் கால் எரிய ஆரம்பித்தது. மிளகாய் அரைத்த கை மாதிரி எரிகிறது என்று புலம்பித் தீர்த்தாள். "சும்மா கெடந்த கால ஊசி போட்டு எயுப்பி வுட்டாங்கோ. இத்த நிறுத்தப் போறேன்" என்று சண்டைக்கே போய்விட்டாள்.

"நிறுத்திடாதீங்கம்மா. சில பேருக்கு நரம்பு தேறும்போது இப்படி எரியும்" என்றார் டாக்டர்.

சண்டை அப்படியே அடங்கிவிட்டது. சிலுவையம்மாள் தன் காலை அந்நியர் வீட்டுக் கதவைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அப்போ உள்ள ஆளு கீறாங்களா டாக்டரம்மா?"

நாளைக்கு மறுபடி கவைப் பரீட்சை. ஜானட்டும் கூட வருகிறாள். அதற்கு முன்னால் தானே ஒருமுறை பார்த்துவிடுவது என்று சிலுவையம்மாள் முடிவு செய்துவிட்டாள். திருவொற்றியூர்ப் பக்கம் நின்ற கமாலுதீனின் டிரெய்லரிடம் போனாள். செருப்பைத் திருப்பிக் கொடுத்ததில் அவன்தான் முன்னணி. கேனைக் கீழே வைத்தாள். இடது செருப்பைக் கழற்றினாள். கேபின் படியில் வெறுங்காலை வைத்தாள்.

"கமாலு, நா கண்ண மூடிக்கிறேன். நீ இன்ஜின ஸ்டார்ட் பண்ணு, பண்ணாத கூட இரு. எங்கிட்ட சொல்லாத."

"இன்னாக்கா வெளாட்டு? சத்தம் கேக்குமே!"

"இங்கியா? எல்லா வண்டியும் உறுமிகினு கீது. எது ஒன்னுது, எது அடுத்தவன்துன்னு எவனுக்குத் தெரியும்? ஆஸ்பத்திரி ரூம்லதான் காது காட்டிக் குட்த்துடும்."

கைப்பிடியையும் பிடிக்கவில்லை. கையும் காட்டிக்கொடுக்கும். வலது காலில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தெரியல" என்றாள் சற்று நேரம் கழித்து. குரல் இறங்கிவிட்டது.

"இன்னும் சாவியவே திருப்பலக்கா."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. பின்வண்டிக்காரன் "யக்கா, டீ!" என்று கத்தினான். ஹாரன் அடித்தான். அவள் திரும்பவில்லை. புருவம் சுருங்கியது. படியின் விளிம்பை இடது கட்டைவிரல் மெல்லப் பற்றியது.

"ஓடுது."

"ஆமாக்கா! இப்பத்தான் போட்டேன். ஆஃப் பண்ணிரட்டா? டீசல் போவுது."

"வோணாம் நைனா. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

கண்ணைத் திறக்காமலே, குதிகாலையும் படியில் அழுத்தி வைத்தாள்.