முப்பத்திரண்டு எம்பிக்குள் ஓர் உப்பளம்

பொம்மையார்பாளையத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மாடி வீட்டில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே கம்ப்யூட்டருக்குள் கட்டி, வாங்க வருகிறவரை அதற்குள் நடக்கவிடுவது எங்கள் தொழில். 2005 கோடையில் நான் அங்கே தற்காலிகமாகச் சேர்ந்தவள். பொறுமை என்னிடம் அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. திரையில் படம் ஏறும்வரை காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். மேசை ஆடுகிறது என்று பக்கத்து சீட்டில் திட்டுவார்கள்.

எனக்கு வந்த வேலை எங்கள் ஊர் வேலை. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி ஒருவர் வில்லாக்கள் கட்டப்போகிறார். மாடி பால்கனியில் நின்றால் எதிரே என்ன தெரியும் என்று காட்ட வேண்டும். என்னத்தைத் தெரியும்? உப்பளம்தான் தெரியும். அங்கேதான் என் அம்மா கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"இத மட்டும் நல்லா முடிச்சிடும்மா, ஒன்ன பர்மனென்ட் பண்ணிடுறேன்" என்றார் ஆபீஸை நடத்திய சார்.

வீட்டில் வேறு கெடு. "வேல நெலச்சா போயிட்டு வரட்டும், இல்லன்னா ஆவணியில முடிச்சிடலாம்னு ஒங்கப்பா சொல்லிட்டாரு" என்றாள் அம்மா. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆவணிமேல்தான் கோபம்.

ஆபீஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு பாத்தியையும் தனித்தனியாகப் படம் எடுத்தேன். வெளியூர்க்காரர் யாராவது செய்திருந்தால் ஒரே ஒரு வெள்ளைப் பாத்தியை எடுத்து வரிசையாக ஒட்டிவிட்டுப் போயிருப்பார். எனக்குக் கை வரவில்லை. வாய்க்கால் பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் பச்சையாக நிற்கும், அடுத்ததில் பழுப்பு, காயக் காயச் செம்மை ஏறி, கடைசிப் பாத்தியில்தான் வெள்ளை பூக்கும். வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையை வைத்தால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர் யாரும் அந்த வில்லாவை வாங்கப்போவதில்லை என்பது அன்றைக்கு என் புத்தியில் ஏறவே இல்லை.

அம்மா வாரும் பாத்தியை எடுத்த படத்தில், ஓரத்தில் அவள் குதிகால் தடம் விழுந்திருந்தது. அதையும் அப்படியே வைத்தேன்.

வந்தது வினை. வீட்டுக்குள் நடந்தால் படம் வெண்ணெயாக ஓடும். பால்கனிக்கு வந்து உப்பளத்தைப் பார்த்துத் திரும்பினால் அப்படியே நின்றுவிடும். கம்ப்யூட்டரில் படம் வரையும் கார்டுக்கென்று தனி மெமரி உண்டு. வில்லாக்காரர் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டப்போவது தன் பழைய கம்ப்யூட்டரில்; அதன் கார்டில் அது முப்பத்திரண்டு எம்பிதான், நான் ஓட்டிப் பார்த்ததும் அதே ரகக் கார்டில்தான். மண், சுவர், உப்பு என்று எந்தப் பரப்பின்மேல் எந்தப் படத்தைப் போர்த்தினாலும் அது அங்கே இருந்தாக வேண்டும். இடம் போதாவிட்டால் ஒன்றை இறக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றும். அடுப்பு மேடையில் இடமில்லாமல், தாளிக்கிற நேரத்தில் கடுகுக்கும் பருப்புக்கும் உள்ளறைக்கு ஓடுகிற மாதிரி. என் பாத்திகளில் நாலைந்து ஏறினாலே பாதி கார்டு நிறைந்துவிடும்.

"புது கார்டு வாங்க மாட்டாரா சார்?"

"வில்லா விக்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ கூட வாங்க மாட்டாரும்மா. ஒரு பாத்தியப் போட்டு ரிப்பீட் பண்ணு. கண்ணுக்குத் தெரியாதத மெமரியில வெக்காத. அவ்ளோதான் இந்தத் தொழிலு."

"எல்லாப் பாத்தியும் ஒண்ணு இல்ல சார்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியுமே. கடுகடுவென்று இருந்தேன். படங்களைச் சுருக்கினேன், கிட்டே போனால் உப்பு சாணி மெழுகிய தரை மாதிரி குழைந்தது. பெரிதாக்கினேன், மறுபடியும் நின்றது. சோறு இறங்கவில்லை. யாராவது ஆவணி என்று வாயைத் திறந்தால் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் காலை பஸ்ஸில், கூட்டம் நெருக்கிய நெருக்கில் ஜன்னலோடு அழுந்திக்கொண்டு உப்பளத்தைப் பார்த்தேன். சாலையோரப் பாத்தியில்தான் உப்பின் பொருக்கு தெரிந்தது. தள்ளிப் போகப் போக வெறும் நிறம். அட, பொருக்கு எல்லாப் பாத்திக்கும் ஒன்றுதானே, மாறுவது நிறம் மட்டும்தானே என்று அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேனோ!

ஆபீஸில் செருப்பைக் கூட ஒழுங்காகக் கழற்றாமல் உட்கார்ந்தேன். உப்புக்கு ஒரு படம், தண்ணீருக்கு ஒன்று, வரப்புக்கு ஒன்று. அந்தந்தப் பாத்தியின் நான்கு மூலைக்கும் அதனதன் நிறத்தைச் சொல்லிவிட்டால் போதும், கார்டே அதைப் படத்தின்மேல் பூசிக்கொள்ளும்; நிறத்துக்கு மெமரியில் இடமே வேண்டாத மாதிரிதான். தூரத்துப் பாத்திகளுக்கு அதே படத்தின் குட்டிப் பிரதிகள். உப்புக்கு அம்மாவின் பாத்தியையே எடுத்தேன். குதிகால் தடத்தை மட்டும் துடைத்தேன். இல்லாவிட்டால் உப்பளம் முழுக்க அதே தடம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். பச்சை, பழுப்பு, செம்மை, வெள்ளை, எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. திரும்பினேன். நிற்காமல் ஓடியது.

வில்லாக்காரர் தன் கம்ப்யூட்டரைக் காரிலேயே தூக்கிக்கொண்டு வந்தார். பால்கனியில் இப்படியும் அப்படியுமாகத் திரும்பிப் பார்த்தார். ஒரு இடத்திலும் சிக்கவில்லை. எனக்குக் கால் ஆடுவது கூட நின்றுவிட்டது.

"எல்லாம் சரி. அந்த வெள்ளைய எடுத்துடுங்க" என்றார். "பொட்டலா இருக்குது. நீலமா தண்ணி போட்டுடுங்க."

"அங்க தண்ணி இல்லீங்க சார். உப்பளம்."

"தெரியும்மா. வாங்கினப்புறம் அவங்களே பாத்துக்குவாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் சார், "செஞ்சிடலாம் சார்" என்று என் மவுஸை வாங்கினார். பாத்திகள் மொத்தமும் ஒரே தட்டில் போயின. அந்த இடத்தில் ஒரு நீலப் பரப்பை விரித்தார். படம் முன்னைவிட வேகமாக ஓடியது.

"இப்பதான்யா பறக்குது" என்றார் வில்லாக்காரர். அவர் கார் கிளம்பியதும், "நாளையிலேருந்து பர்மனென்ட். சந்தோஷமா?" என்றார் சார். சந்தோஷம்தான். எரிச்சலும்தான். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.

சிடியில் பதிந்து கொடுக்கும் வேலை என்னுடையது. பதிவதற்கு முன் தடம் துடைக்காத பழைய படத்தைத் தேடி எடுத்தேன். அம்மாவின் பாத்தி இருந்த அதே இடத்தில், அந்த நீலத்துக்குக் கீழே, ஒரு பாத்தியை வைத்து அதன்மேல் அந்தப் பழைய படத்தைப் போர்த்தினேன். மேலே நீலம் மூடியிருப்பதால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கண்ணில் படாது. ஆனால் பால்கனியிலிருந்து யார் அந்தப் பக்கம் திரும்பினாலும் கார்டு அதை ஏற்றி, வரைந்து, அதன்மேல்தான் நீலத்தைப் பூசும். முப்பத்திரண்டு எம்பியில் அதற்கும் இடம் இருந்தது. சார் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் அம்மா கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். "நிக்காம ஓடிச்சா?"

"ஓடிச்சு. பர்மனென்ட் பண்ணிட்டாங்க."

"அப்ப ஆவணி வேணாம்னு சொல்லிடுறேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நம்ம பாத்தி தெரியுதா அதுல?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. ஆனா இருக்குது."