தெருமுனை தாண்டிக் குத்திய பதக்கங்கள்

மாமா போய் ஓராண்டு என்று எழுதக் கை மறுக்கிறது. அன்று காலை தக்காளிக் குழம்பைத் துழாவிக்கொண்டு நின்றவர், உப்புப் பார்க்கச் சொல்லிக் கரண்டியை என்னிடம் நீட்டினார். காணாது, இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்றேன். உப்பை எடுக்கத் திரும்பியவர் அப்படியே விழுந்துவிட்டார். அம்புலன்ஸ் வந்தபோதும் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நெஞ்சு நோகிறது என்று ஒருநாளும் சொல்லாத மனிதர். இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

மாமா என் கணவரின் தந்தை. இத்தாலியின் தெற்கே ஒரு மீனவர் குடும்பத்தில் பிறந்து, பதின்ம வயதில் பெற்றோருடன் கப்பலில் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகருக்கு வந்தவர். ஆங்கிலம் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானங்களையெல்லாம் பகிடியாகவே சொல்வார். நகரின் தெற்கே விரி என்ற இடத்தில் ஒரு பண்டகசாலையில் ஓய்வு பெறும்வரை உழைத்தார். மாமி நோயில் கிடந்த காலம் முழுவதும் தன் கையாலேயே பராமரித்தார். எங்கள் திருமணத்தின் பின் நானும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அம்மாவும் மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் அவரோடு சேர்ந்துகொண்டோம். அவர் கற்ற தமிழ் ‘ஓம்’, போதும் என்பதற்கு ‘காணும்’ என்ற இரண்டு சொற்கள்தான். இரண்டாவதைச் சாப்பாட்டு மேசையில் அம்மா ஒருபோதும் மதித்ததில்லை.

எங்கள் வீட்டில் இராணுவம் பற்றிய பேச்சே எடுப்பதில்லை. அம்மாவின் ஒரே தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போனது, அவர் திரும்பவேயில்லை. தொலைக்காட்சியில் சீருடை தெரிந்தாலே அம்மா எழுந்து அறைக்குள் போய்விடுவார்.

அப்படியிருக்க, இறுதிச் சடங்கன்று தேவாலயத்தில் மாமாவின் பெட்டிமேல் நாட்டுக் கொடியும் ஒரு வரிசைப் பதக்கங்களும் இருந்ததைக் கண்டு என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். நெஞ்சில் பதக்கங்கள் குத்திய முதியவர்கள் இருபுறமும் நின்றார்கள். மாமா வாலிபத்தில் நியூசிலாந்துப் படையில் சேர்ந்து வியட்நாமில் போரிட்டவராம். என் கணவருக்குத் தெரியும். சொல்லக்கூடாது என்று மாமா சத்தியம் வாங்கியிருந்தாராம்.

போர்வீரர்களை நாடே நினைவுகூரும் அன்சாக் தினம் ஒவ்வொன்றிலும் விடியற்காலை, நண்பர்களோடு தேநீர் குடிக்கப் போவதாகச் சொல்லித்தான் மாமா புறப்படுவார். கோட்டுப் பையில் பதக்கங்கள் இருந்திருக்கின்றன. எங்கள் தெருமுனை தாண்டிய பிறகே காரை நிறுத்தி அவற்றைக் குத்திவிடச் சொல்வார் என்று அவரைக் காரில் ஏற்றிப்போகும் பழைய தோழர் ஒருவர் என்னிடம் சொன்னார். வீட்டில் சம்பந்தியம்மா இருக்கிறார், அவர் பட்டது போதும் என்பாராம். கேட்டு நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

தோழர்கள் ஒவ்வொருவராகப் பெட்டிமேல் சிவப்புத் துணிப்பூ வைத்தார்கள். அடுத்து குடும்பத்தவர் முறை. அம்மாவை எப்படியாவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று கையைப் பிடித்தேன்.

“விடு பிள்ளை,” என்றார் அம்மா.

“அம்மா, மாமா ஆமியிலை இருந்தவராம்.”

“எனக்குத் தெரியும். சப்பாத்து மினுக்கிறதிலையும் போர்வை மடிக்கிறதிலையும் வந்த முதல் கிழமையே விளங்கிப்போச்சு. பயந்துதான் இருந்தனான். பிறகு பயம் விட்டுப்போச்சு.”

“ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?”

“அந்த மனிசன் எனக்காக மறைச்சுக்கொண்டு திரியேக்கை, நான் எப்பிடிச் சொல்லுறது?”

என் கையை விட்டுவிட்டு நேரே போய்ப் பூவை வைத்தார். சரிந்து கிடந்த ஒரு பதக்கத்தை விரலால் நிமிர்த்தியும் விட்டார்.

ஓடி வந்த அம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், பாதிரியாருக்கும், கடல் கடந்து வந்த இத்தாலியச் சொந்தங்களுக்கும், பக்கத்து லின்ஃபீல்டிலிருந்து நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த எங்கள் உறவுகளுக்கும், மாமாவைச் சுமந்த தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும்.

தந்தையின் பதக்கங்களைப் பிள்ளைகள் வலப்பக்கம் அணிவது இந்நாட்டு வழக்கம். இந்த அன்சாக் தினத்தில் என் கணவர் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அம்மா அவரை மறித்து, பதக்கங்களை வாங்கி, வீட்டுக்குள்ளேயே குத்திவிட்டார்.

மருமகள்
மவுண்ட் ரோஸ்கில், ஒக்லாந்து