துளையா, புள்ளியா

தட்டில் பரப்பிய காப்பிக் கொட்டைகளை இரண்டு விரலால் உருட்டியபடி, "நீ போ, நீ இரு" என்று ஒவ்வொன்றிடமும் பேசிக்கொண்டிருக்கிறார் பெருமாயி. பூச்சி துளைத்ததும் கறுத்ததும் கூடைக்குப் போகின்றன. நல்லது சாக்கில் விழுகிறது.

கொல்லிமலையில் பூபதியின் காப்பிக் கிடங்கில் ஜன்னலோர இடம் அவருடையது. மேகம் வந்து ஜன்னலை மூடிவிட்டால் கையைக் கட்டிக்கொள்வார். "கண்ணு தெரியாமப் பொறுக்குனா அது வேலைங்களா?" என்பார். பக்கத்தில் யாராவது செல்போனில் பாட்டுப் போட்டால் அணைக்கச் சொல்வார். ஊர்வம்பு மட்டும் எவ்வளவு பேசினாலும் அவருக்கு இடைஞ்சல் இல்லை.

போன பருவத்தில், மூட்டைகளில் சொத்தைக் கொட்டை கிடப்பதாக வெளியூர் வியாபாரி ஒருவர் சண்டை போட்டார். பூபதி ஒரு வழி கண்டுபிடித்தார். யார் எவ்வளவு சொத்தை பொறுக்குகிறார்களோ, அந்த எடைக்கு ஏற்பக் கூலிக்கு மேல் காசு. அன்றே கிடங்கில் பேச்சு நின்றது. வீட்டுக் கூரைத் தகட்டை மாற்ற வேண்டியிருந்த பெருமாயியும் தலை நிமிரவில்லை. முதலில் மூட்டைகள் சுத்தமாகத்தான் போயின. பிறகு கூடைகள் கனத்துக்கொண்டே வந்தன.

சொத்தை போக மிஞ்சும் எடைக்குத்தான் விவசாயிக்கு விலை. மலையின் இன்னொரு பகுதியான திண்ணனூர் நாட்டிலிருந்து கொட்டை கொண்டுவந்த சென்றாயன், கழிவைப் பார்த்துத் திகைத்துப்போனார். கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி நீட்டினார். "ஏனுங்க, இதுல என்னங்க குத்தம்?"

"பொறுக்கறவங்க கண்ணு பொய் சொல்லாதுங்க" என்றார் பூபதி.

அது பெருமாயியின் கூடை. எழுந்து வந்து அந்தப் பிடியை வாங்கி, ஜன்னலடியில் வைத்து நிதானமாகப் பார்த்தார். துளை என்று அவர் தள்ளியதில் பாதி, வெறும் புள்ளி.

"பொய்தானுங்க சொல்லியிருக்குது" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "வேணும்னு தள்ளலீங்க. அப்பத் துளையாத்தான் தெரிஞ்சுது. சொத்தைக்குக் காசுன்னா, கண்ணு சொத்தையவே தேடுதுங்க."

பக்கத்திலிருந்த அத்தாயிக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு வேண்டாம்னா உடுங்கக்கா. எங்க பொழப்புல ஏன் மண்ணப் போடறீங்க?"

பெருமாயி சென்றாயனின் கழிவு முழுவதையும் தன் தட்டில் கொட்டி, மறுபடி பொறுக்க உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் நல்ல கொட்டை மூட்டைக்குத் திரும்பியது. சென்றாயனுக்கு அதற்கான பணமும் கிடைத்தது. அந்த வாரத்து மேல்காசை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பெருமாயி பூபதியிடம் ஒன்று கேட்டார்: "நல்லதத் தள்ளுனாலும் கேளுங்க, கெட்டத உட்டாலும் கேளுங்க. ரெண்டுலயும் சரியா இருந்தா எல்லாருக்கும் கூலியக் கூட்டிக் குடுங்க."

பூபதி நாலு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சம்மதித்தார். அத்தாயியின் கோபம் ஆற அதைவிட அதிக நாளாயிற்று. கூரை இந்த மழைக்கும் ஒழுகியது. "பாத்திரம் இருக்குதுல்லங்க, புடிச்சுக்கலாம்" என்று சிரிக்கிறார் பெருமாயி.

கிடங்கைப் பார்க்க வந்திருந்த நான் கிளம்பும்போது ஒரு கொட்டையில் அவர் விரல் நின்றது. வெளிச்சத்தில் திருப்பினார், மறுபடி திருப்பினார். பிறகு, "நீ பாரு" என்று அதை அத்தாயியின் உள்ளங்கையில் வைத்தார்.