காபியால் நின்ற கல்யாணம்

எங்கள் சொந்தத்தில், ஒரு டம்ளர் காபியால் நின்றுபோன கல்யாணம் என்று ஒன்று உண்டு. இன்றைக்கும் யாராவது விருந்துக்கு வந்த இடத்தில் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பெரியவர்கள் என் சித்தப்பாவின் கதையை எடுத்துவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தக் காபி நீட்டப்பட்டபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

நாங்கள் ரேணிகுண்டாவில் இருந்தோம். நைனா, அதாவது என் அப்பா, அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். அவருடைய தம்பி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தார். எங்கள் சொந்த ஊரான நகரிப் பக்கத்துப் பையன்கள் தறியை விட்டுவிட்டு ஒவ்வொருவராகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. மற்றவர்கள் லீவுக்கு வரும்போது டேப் ரிக்கார்டரும் ஜீன்ஸ் பேண்ட்டும் கொண்டுவந்தார்கள். என் சித்தப்பா மார்மன் மதத்தைக் கொண்டுவந்தார்.

அமெரிக்காவில் தோன்றிய அந்தக் கிறிஸ்தவப் பிரிவை எங்கள் வீட்டில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏசுவைக் கும்பிடுகிற சொந்தக்காரர்கள் எங்களுக்கு ஏற்கெனவே இருந்தார்கள். ஆனால் சித்தப்பா காபி, டீ இரண்டையும் விட்டுவிட்டதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சாமிய மாத்திக்கினாரு, சரி. காபி இன்னா பாவம் பண்ணுச்சி?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பாள்.

அந்த முறை சித்தப்பா வந்தது அவருடைய கல்யாணப் பேச்சுக்காக. பெண் வெளியாள் இல்லை. நைனாவின் தாய்மாமன், எனக்குத் தாத்தா முறை, திருச்சானூரில் கோயில் பக்கம் வளையல், குங்குமக் கடை வைத்திருந்தார். அவருடைய ஒரே மகள். சித்தப்பாவுக்கு அவள்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்ததால், நான் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தேன். சித்தப்பாவுக்கும் அவள்மேல் ஆசைதான். அவள் பேச்சு வந்தாலே அவர் முகம் மாறுவது எனக்குக்கூடத் தெரியும்.

திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போதே நைனா தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொண்டு வந்தார். அல்சர் இருக்கிறது, டாக்டர் காபி குடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று சொன்னால் போதும். பெண் கையால் கொடுக்கிற காபியை வேண்டாமென்றால் பெண்ணையே வேண்டாமென்றதாக ஆகிவிடும். சித்தப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சித்தி தட்டோடு வந்தாள். எல்லோரும் டம்ளரை எடுத்துக்கொண்டோம். கடைசி டம்ளர் தட்டிலேயே நின்றது.

நைனா முந்திக்கொண்டார். "அவனுக்கு அல்சர் மாமா."

"அல்சர்லாம் இல்ல மாமா," என்றார் சித்தப்பா. "எங்க சபையில குடிக்கறதில்ல."

நைனா முகத்தில் ஈயாடவில்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள், நான் என்னவோ செய்ததுபோல. ஆனால் திருச்சானூர்த் தாத்தா கோபப்படவில்லை. வளையலைச் சுண்டிப் பார்த்து வாங்குகிற மனிதர் அவர், எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். எந்தப் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்று கேட்டார்.

சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பைபிளில் இல்லை என்றார். மார்மன் புத்தகம் என்று இன்னொன்று இருக்கிறது, அதிலும் இல்லை. அவர்களுடைய முதல் தீர்க்கதரிசிக்குக் கடவுள் சொன்னவற்றை எழுதிய வேறொரு புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அங்கேயும் சூடான பானங்கள் என்றுதான் இருக்கும். அது காபியும் டீயும்தான் என்று விளக்கியவர்கள் சபைத் தலைவர்கள். முதலில் அறிவுரையாக இருந்ததைப் பிற்பாடு கட்டாயமாக்கியதும் அவர்கள்தான்.

"அப்போ புக்க விட ஆளு பெருசா?" என்றார் தாத்தா.

"புக்கும் வேணும் மாமா. ஆனா எழுதனவங்க போய்ட்டாங்க. தீர்க்கதரிசினு எங்களுக்கு இப்பவும் ஒருத்தர் அமெரிக்காவுல இருக்காரு. இந்தக் காலத்துக்கு இன்னா வேணுமோ அத கடவுள் அவருகிட்ட சொல்வாரு."

இது எனக்கு உடனே புரிந்தது. செத்துப்போன தாத்தா, நைனாவின் அப்பா, என்ன சொல்லிவிட்டுப் போயிருந்தாலும், எங்கள் வீட்டில் நைனா சொல்வதுதானே நடந்தது.

திருச்சானூர்த் தாத்தா விடவில்லை. அந்த அமெரிக்காக்காரர் சொல்வது நிஜம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றார். முட்டிபோட்டுக் கடவுளையே கேட்பேன், மனசுக்குள் பதில் வரும், ஒவ்வொருத்தரும் அப்படிக் கேட்கலாம் என்றார் சித்தப்பா.

"சரி. அவரு ஒண்ணு சொல்றாரு. உன் மனசுல வேற ஒண்ணு வருது. அப்போ இன்னாடா பண்ணுவ?"

அவ்வளவு நேரம் மடமடவென்று பேசியவர் உள்வாசலில் நின்ற சித்தியை ஒரு தடவை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். எனக்கு ஒரே அவமானமாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாவிட்டால் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவார்கள்.

தாத்தாதான் சிரித்துச் சமாளித்தார். முக்கியமான பேச்சு என்றால் அவருக்குத் தெலுங்குதான் வரும். "சரேரா, நாகு இஷ்டமே," என்றார். தனக்குச் சம்மதம் என்று அர்த்தம். ஒரு டம்ளர் காபிக்காகப் பொய் சொல்லாதவன் தன் மகளிடமும் சொல்லமாட்டான் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது நைனா எந்த மண்டபம் என்பதுவரை பேசிவிட்டார்.

மறுநாள் காலை ரேணிகுண்டா ஸ்டேஷனில், பெங்களூர் ரயிலுக்குக் காத்திருந்தபோது, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சித்தப்பா சொன்னார். நைனா பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் கத்தினார், பிறகு கெஞ்சினார். எதற்கும் அவர் மசியவில்லை. பையன் மறுத்தான் என்று வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு அடுத்த வரன் வராது. அதனால் திருச்சானூர்த் தாத்தா, காபியைத் தொடாதவனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று தானே மறுத்ததாகச் சொந்தம் முழுக்கச் சொல்லிவிட்டார். பொய் சொல்லாத பையனை மெச்சிய மனிதர், மகளுக்காகத் தானே ஒரு பொய்யைச் சொன்னார்.

நானும் வேலைக்கென்று பெங்களூர் போன பிறகுதான் சித்தப்பா வாயிலிருந்து விஷயம் வந்தது. அவர்கள் சபைக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது தலைவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற புத்தி. அவரோ சித்தியைப் பற்றி முட்டிபோட்டுக் கேட்டிருக்கிறார். மனசுக்குள் சரி என்றுதான் வந்ததாம். மறுபடியும் கேட்டும் சரி என்றே வந்ததாம். தலைவர்கள் சொல்வதும் மனசுக்குள் வருவதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் என்றார்.

அன்று ஸ்டேஷனில், நைனா கோபித்துக்கொண்டு தள்ளிப் போய் நின்ற பிறகு, சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. நேற்று அந்தக் காபியைக் குடித்திருக்கலாமே என்றுதான் அவர் வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று, தாத்தா வீட்டுச் சமையலறைக்குள் நான் பார்த்ததைச் சொன்னேன்.

"அது ஒண்ணும் வீணாவல சித்தப்பா. உனக்கு வச்ச காபிய சித்தியே எடுத்துக் குடிச்சிட்டாங்க. ஆறிப்போயிருந்துச்சி, அப்பவும் ஒரு சொட்டுகூட வுடல."

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரயில் வந்து அவர் ஏறும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. அவர்கள் மதத்தில் காபி குடிப்பது பாவம் அல்லவா, அதைக் குடித்ததற்காகச் சித்திமேல் கோபம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லியிருக்கவே கூடாது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.