பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம்

எங்கள் தொழிற்சாலையில் ஆயுதபூஜையன்று பொட்டு வைத்துக்கொள்ளாமல் தப்பித்த பொருள் எதுவும் கிடையாது. ஆந்திர எல்லையில் சத்தியவேட்டுப் பக்கத்து ஆட்கள் நாங்கள். காபி மெஷினைக்கூட விடமாட்டோம். ரசாயனம் தெறித்தால் கண் கழுவ, சுவரோரம் ஒரு தொட்டி உண்டு. பெடலைக் காலால் மிதித்தால் இரண்டு குழாயிலும் தண்ணீர் மேலே பீச்சும். அந்தக் குழாய் வாய்களில் சந்தனம் அப்பி, சாமந்தி மாலை போட்டு, பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். மறுநாள் நல்ல நேரத்தில் மேனேஜர் மிதித்து நசுக்கவேண்டும்.

பூஜை விளக்கிலிருந்து எண்ணெய் கொட்டித் தரை வழுக்கியது. கழுவலாம் என்று வாளியில் காஸ்டிக் சோடாவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். குபுக்கென்று பொங்கி வலது கண்ணில் தெறித்தது. கண்ணுக்குள் மிளகாய் அரைத்தது போல ஒரு எரிச்சல். தட்டுத்தடுமாறித் தொட்டிக்கு ஓடினேன். சூப்பர்வைசர் குறுக்கே வந்து நின்றார்.

"ஆகு, ஆகு! நில்லு! மிதிச்சா பழம் நசுங்கிடும்பா. மேனேஜர் சாருக்கு யாரு பதில் சொல்றது?"

கெமிஸ்ட்ரி படித்த ஒருவர் முன்னால் வந்தார். "காரத்துக்கு ஆசிட்தான் மருந்து. அந்தப் பழத்தையே ரெண்டு சொட்டு கண்ணுல புழிஞ்சா சரியாயிடும்."

பெடலில் நசுக்கக் கூடாதாம், கண்ணில் பிழியலாமாம். இன்னொருவர் தேங்காய்த் தண்ணீர் என்றார். என் கண்ணை வைத்து ஒரு பட்டிமன்றமே நடந்தது.

"கண்ணு போய்க்கினு கீதுய்யா!" என்று கத்தி, சூப்பர்வைசரைத் தள்ளிவிட்டு மிதித்தேன். முதலில் சந்தனம் வந்தது, பிறகுதான் தண்ணீர்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு பாட்டில் பாட்டிலாக உப்புநீர் விட்டார். நடுநடுவே ஒரு காகிதத் துண்டைக் கண்ணோரம் ஒற்றி, காரம் போய்விட்டதா என்று நிறம் பார்த்தார்.

"தெறிச்ச உடனே ஏன் கழுவல? பக்கத்துல தண்ணி இல்லியா?"

"இருந்துச்சு மேடம். மாலை போட்டிருந்தாங்க."

அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஆயுதபூஜைக்குத் தொட்டிக்கு இன்னும் பெரிய மாலை வந்தது. சூப்பர்வைசர் என்னைக் கைபிடித்து இழுத்துப்போய் விருந்தாளிகளிடம் காட்டினார்.

"இவரு கண்ணக் காப்பாத்துனது இந்தத் தொட்டிதான் சார்."

இடது கண்ணை மூடிக்கொண்டு, காப்பாற்றப்பட்ட கண்ணால் அவரைப் பார்த்தேன். ஆள் தெரியவில்லை. மாலையின் மஞ்சள் மட்டும் புகையாகத் தெரிந்தது. பெடலுக்கு அடியில் காலை விட்டுத் தடவினேன். எலுமிச்சம்பழம் இருந்தது.