செவலைக்குத் தெரியாத சுவர்

மருமகள் வளர்க்கும் குட்டிநாய்க்குக் கண்ணில் ஏதோ கோளாறு. வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுகிறாள். எங்கள் காலத்தில் மனுஷனுக்கே விளக்கெண்ணெய்தான் என்று கேலி பேச வாயெடுத்தேன். அதற்குள் செவலை நினைவுக்கு வந்துவிட்டது.

நம்ம ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். கொட்டாரத்துப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. பகவதியக்கா வீட்டை ஒட்டிய சாய்ப்பில் குடியிருந்தேன். புருஷனை இழந்த, பிள்ளையில்லாத அக்காவுக்குச் செவலை என்ற நாய்தான் துணை. முற்றத்தில் நெல் காய்ந்தால் ஒரு காக்கையை இறங்க விடாது.

ஒரு கோடையில் அதன் கண்கள் சிவந்து பீளை தள்ளின. முட்டி மோதி நடந்தது. வெறிநாய் என்று தெருவில் நாலைந்து பேர் கம்போடு வந்துவிட்டார்கள்.

“பேப்பட்டியாக்கும். சவத்த அடிச்சுக் கொல்லணும்,” என்றார் அக்காவின் கொழுந்தன்.

நான் கதவுக்குப் பின்னால் குடையும் கையுமாக நின்றேன். குடையை வைத்து யாரைக் காப்பாற்ற நினைத்தேனோ. அக்கா ஒரு சட்டித் தண்ணீரைச் செவலையின் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அது சட்டியை நக்கிக் குடித்து முடித்தது.

“பேப்பிடிச்சது தண்ணி குடிக்குமா? இது கண்ணுல வியாதியாக்கும். போங்க.”

போனார்கள்.

நந்தியாவட்டைப் பூ ஊறிய நீரால் தினமும் கண்ணைத் துடைத்தாள். வண்டி கட்டி நாகர்கோவில் மாட்டாஸ்பத்திரிக்கும் போனோம். “முந்தியே கொண்டு வந்திருக்கணும்,” என்றார் டாக்டர். பீளை நின்றது. கண்மணியில் வெள்ளை படர்ந்து பார்வை போய்விட்டது.

அதன்பிறகு அக்கா எந்தப் பொருளையும் இடம் மாற்றமாட்டாள். “சாரே, செருப்ப ஓரமா விடுங்கோ. அது தட்டி விழும்.” மெல்ல மெல்லச் செவலைக்கு வழி பழகியது. அடுக்களையிலிருந்து “ஏ செவலே” என்று அக்கா கூப்பிட்டால், வாசலிலிருந்து முற்றத்தைக் கடந்து ஒரே ஓட்டமாக வரும்.

பிறகு சொத்தைப் பாகம் வைத்தார்கள். கொழுந்தன் தன் பங்கை அடைத்து முற்றத்தில் குறுக்கே சுவர் எழுப்பினார். அவர் இடத்தில் அவர் கட்டினார். யார் என்ன சொல்ல முடியும்? அடுக்களைக்கு இனிச் சுவரைச் சுற்றித்தான் வரவேண்டும். அக்கா கூப்பிட்டாள். செவலை நேராக ஓடி வந்து மோதியது. “இங்கண வா மக்கா, இங்கண,” என்று கழுத்தைப் பிடித்துச் சுற்றி நடத்திப் பழக்கினாள். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி மோதியது. மூக்கில் ரத்தம்.

“கூப்பிட்டா ஓடி வந்து முட்டுது சாரே. நான் இனிக் கூப்பிடல,” என்றாள்.

சோற்றை வாசலுக்கே கொண்டுபோய் வைத்தாள். செவலை பாதியைத் தின்னும், மீதியை விட்டுவிடும். மழைக்காலத்தில் ஒருநாள் வாசலிலேயே செத்துக் கிடந்தது.

இன்று அந்த வீடு இல்லை, சுவரும் இல்லை. வரிசையாகக் கடைகள். ஆனால் அதற்கெல்லாம் வெகுமுன்பே அக்காவின் குரல் போய்விட்டது. தெருக்கோடிவரை கேட்கும் குரல் அது. நான் மாற்றலாகிப் போகும்வரை அவள் யாரையும் உரக்கக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை.