வெளியே வேர்த்தால்

பிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அந்த மனிதரை அக்கம்பக்கம் முழுவதும் கூலிங் என்றுதான் கூப்பிடும். ஆள் வருவதற்கு முன்னால் வாய் வந்துவிடும். பிரிட்ஜ் கதவு வேர்க்கிறது, துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது என்று யாராவது புலம்பினால் போதும். "வெளிய வேர்த்தா உள்ள கோளாறும்மா. தொடச்சா போகாது" என்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பாட்டு.

அவர் மனைவி ஒரு செருப்புக் கடையில் பில் போடுபவள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி உறவுக்காரர்கள் பேசி ஓய்ந்து, இவர்களும் அழுது ஓய்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவள் முகத்தில் ஒரு சிவப்பு வந்தது. இரண்டு கன்னத்திலும், நடுவே மூக்கின் மேலும். வெயிலில் போய் வந்தால் திகுதிகுவென்று எரியும். கடை முதலாளி நல்லவர், அதனால் நேரே சொல்லவில்லை. கொஞ்ச நாள் குடோனில் ஸ்டாக் பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு வந்தவள் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். கூலிங் மருந்துக்கடைக்கு ஓடினார்.

மருந்துக்கடை அம்மா ஒரு புது கிரீமைக் காட்டினார். தோலில் நல்ல கிருமிகளும் குடியிருக்குமாம். கண்ட சோப்பையும் போட்டுத் தேய்த்து அவற்றைத் துரத்திவிட்டால் முகம் எரிந்து சிவக்குமாம். இந்தக் கிரீமில் அவை உயிரோடு இருக்கின்றன, சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, பிரிட்ஜில் வைக்க வேண்டும், குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். பிரிட்ஜ் என்ற சொல்லிலேயே கூலிங் குளிர்ந்துபோய்விட்டார். அதற்கு மேல் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

அன்று முதல் அந்தச் சின்ன டப்பாவுக்கு ராஜ உபசாரம். நடுத்தட்டு காலியானது. கதவு ரப்பர் மாறியது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர்கூட வந்து உட்கார்ந்தது.

"கதவு சரியா மூடலன்னு எத்தன வருஷமா கத்தறேன். எனக்காகப் பண்ணல, கிருமிக்காகப் பண்றீங்க" என்றாள் அவள்.

"உயிர் இருக்குடி அதுல. எல்லாம் நம்ம பிள்ளைங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. அதன்பிறகு அந்த வீட்டில் கிரீமுக்குப் பெயரே பிள்ளைங்கதான். வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, பிள்ளைங்களை எடுத்துவரச் சொல்வாள். அவர் கைகளை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, பெருவிரலால் பொட்டுப்பொட்டாக வைத்துத் தடவிவிடுவார்.

சிவப்பு குறைந்தது. நிஜமாகவே குறைந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. அவள் பில் போடும் இடத்துக்குத் திரும்பினாள். விரல் மூட்டெல்லாம் வலித்தபோது, பட்டனைத் தட்டித் தட்டி வந்தது என்றாள். கால் வீங்கியபோது, நின்று நின்று வந்தது என்றார் அவர். சிவப்பு மறுபடி தலைகாட்டியதும் இன்னொரு டப்பா வாங்கி வந்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், அவளைப் பார்க்கவில்லை.

ஒருநாள் கடையிலேயே மயங்கி விழுந்தாள். உடம்பு தன்னையே பகையாக நினைத்துத் தாக்கும் நோய், சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன என்றார் டாக்டர். கிரீம் ஒரு கெடுதலும் செய்யவில்லையாம்.

"ஆனா அது தோல் வியாதி இல்லங்க. உள்ள இருந்து வந்தது" என்றார்.

கூலிங் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆயிரம் வீட்டில் பேசிய வாய் அது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைங்கள வெளியவே வச்சிட்டு வந்துட்டேனா?" என்று கேட்டாள். உள்ளேதான் இருக்கின்றன, சில்லென்று இருக்கின்றன என்று அவர் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவில்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது, டப்பா கண்ணாடிக்குப் பக்கத்தில் மூடி திறந்தபடி கிடந்தது. கிரீம் காய்ந்து ஓரமெல்லாம் வெடித்திருந்தது. செத்துப்போனவை திரும்பப் பிழைக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மூடியைத் திருகி நடுத்தட்டில் வைத்தார். அன்றைக்கு அவர் அழுத அழுகை அந்த பிரிட்ஜுக்குத்தான் தெரியும்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், புதிதாகக் குடிவந்த ஒரு பெண் வீட்டுக்குப் போனார். கதவு வேர்த்துக்கொட்டியது.

"நான் தொடச்சுக்கிட்டே இருக்கேண்ணே. நீங்க வந்தா ஏதோ ஒண்ணு சொல்வீங்களாமே, பக்கத்து வீட்டு அக்கா சிரிச்சாங்க" என்றாள்.

கூலிங் தோள் துண்டை எடுத்து அந்தக் கதவை மேலிருந்து கீழாக மெல்லத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி ஈரம் பூத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லார் வீட்லயும் சொன்னேம்மா" என்றார். "என் வீட்ல சொல்லல."